பின்சக்கரப் பெட்டிக்கு எந்த கியர் ஆயில்? – வாசகர் கேள்வி பதில்

செயினுக்குப் பதில் சுழலும் தண்டால் பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் டிரைவ் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பின்சக்கரத்தை ஒட்டி நிற்கும் அலுமினியப் பெட்டிதான் ஃபைனல் டிரைவ். உள்ளே ஒரு பினியன் (சின்னப் பற்சக்கரம்), அது சுழற்றும் ஒரு கிரவுன் வீல் (பெரிய பற்சக்கரம்), அவற்றைத் தாங்கும் பேரிங்குகள், ஓரங்களில் ஆயில் சீல்கள், அவ்வளவுதான். எஞ்சின் தரும் முழு விசையும் இந்த ஒரு ஜோடிப் பற்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அதைக் காப்பாற்றுவதோ கால் லிட்டருக்கு மேல் போகாத எண்ணெய். அளவு இவ்வளவு சின்னது என்பதாலேயே பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: என் வண்டியின் கையேட்டில் ‘ஹைபாய்டு கியர் ஆயில், எஸ்.ஏ.இ. 80, ஏ.பி.ஐ. ஜி.எல்.-4’ என்று இருக்கிறது. கிடைப்பதெல்லாம் 80டபிள்யூ-90, ஜி.எல்.-5. ஊற்றலாமா, கூடாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: ஃபைனல் டிரைவுக்கு ஊற்றலாம். ஆனால் காரணம் தெரிந்து ஊற்றுங்கள். ஏனென்றால் இதே பதிலை கியர்பாக்ஸுக்கும் எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும்.

டப்பாவில் உள்ள இரண்டு குறியீடுகளும் வெவ்வேறு சங்கதிகள். 80டபிள்யூ-90 என்பது எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் எண், எண்ணெய் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பதைச் சொல்வது. ஏ.பி.ஐ. (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) தரும் ஜி.எல். எண், பல்லோடு பல் நசுங்கும் இடத்தில் அந்த எண்ணெய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைச் சொல்வது. முதலில் பார்க்க வேண்டியது ஜி.எல். எண். அடுத்து கெட்டித்தன்மை. பிராண்டு கடைசியில்தான் வரும்.

ஹைபாய்டு என்ற சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. சாதாரண பெவல் கியரில் (கூம்பு வடிவப் பற்சக்கர ஜோடி) பினியனின் அச்சுக்கோடும் கிரவுன் வீலின் அச்சுக்கோடும் ஒரே புள்ளியில் சந்திக்கும். ஹைபாய்டில் பினியன் கொஞ்சம் விலகி உட்கார்ந்திருக்கும். அதனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல், பல்லின் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டும் போகும். அந்த வழுக்கல் வெறும் எண்ணெய்ப் படலத்தைத் துடைத்து எறிந்துவிடும். அப்போது இரும்பைக் காப்பாற்றுவது எண்ணெயில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள். பற்கள் உரசிச் சூடாகும் இடத்தில் இவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய தோல் போல ஒரு படலம் உண்டாக்கும். உராய்வில் அந்தத் தோல் தேயும், உடனே புதிதாக உருவாகும். பல் தப்பித்துவிடும். கியர் ஆயிலைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் இந்தக் கந்தகத்தினுடையதுதான்.

ஜி.எல்.-5 எண்ணெயில் இந்தச் சேர்மானம் ஜி.எல்.-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அழுத்தம் தாங்குவதில் 5 எப்போதும் மேல். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பித்தளை, வெண்கலம், செம்பு போன்ற மஞ்சள் உலோகங்களைக் கந்தகச் சேர்மானம் அரிக்கக்கூடும். கார் கியர்பாக்ஸில் கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருப்பதால்தான் அங்கே ஜி.எல்.-5 வேண்டாம் என்கிறார்கள். மோட்டார் சைக்கிளின் பின் டிரைவில் வழக்கமாக அப்படி எதுவும் கிடையாது. எல்லாம் எஃகுப் பற்கள், எஃகு பேரிங்குகள். எனவே கையேடு 4 கேட்டால் 5 ஊற்றலாம். கையேடு 5 கேட்டால் 4 ஊற்றவே கூடாது. உங்கள் மாடலின் டிரைவில் வெண்கலப் புஷ் ஏதாவது இருப்பதாக சர்வீஸ் மேனுவல் படத்தில் தெரிந்தால் மட்டும் 4-ஐத் தேடிப் போங்கள்.

இனி கெட்டித்தன்மை. 80டபிள்யூ என்பது குளிரில் எப்படி ஓடும் என்பது. பின்னால் வரும் 90 என்பது 100 டிகிரி செல்சியஸில் எப்படி இருக்கும் என்பது. வெறும் 80 கேட்கும் வண்டிக்கு 80டபிள்யூ-90 ஊற்றினால் சூட்டில் கொஞ்சம் கெட்டியாக நிற்கும். வெப்பமான சூழலில் அது நல்லதே. கவாஸாகி கையேடுகள் சில இதை நேராகவே சொல்கின்றன: 5 டிகிரிக்கு மேல் என்றால் எஸ்.ஏ.இ. 90, கீழே என்றால் 80. ஒரே டப்பாவில் இரண்டையும் பார்த்துக்கொள்வதுதான் 80டபிள்யூ-90. உறைபனியில் தினமும் வண்டி எடுப்பவர்கள் 75டபிள்யூ-90 பக்கம் போகலாம். 75டபிள்யூ எண்ணெய் −40 டிகிரியிலும், 80டபிள்யூ −26 டிகிரியிலும், 85டபிள்யூ −12 டிகிரியிலும் ஒரு குறிப்பிட்ட கெட்டித்தன்மையைத் தாண்டக் கூடாது என்பது எஸ்.ஏ.இ. விதி. குளிர் தெரியாத இடத்தில் ஓடும் வண்டிக்கு இந்த முன் எண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

கேள்வி: கியர் ஆயில் 90 என்றால் எஞ்சின் ஆயில் 20டபிள்யூ-50-ஐவிட இரண்டு மடங்கு கெட்டியா? வீட்டில் மீதமிருக்கும் 20டபிள்யூ-50-ஐ அவசரத்துக்கு ஊற்றலாமா?

பதில்: இல்லை, கூடாது.

எஞ்சின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் எஸ்.ஏ.இ. வைத்திருப்பது தனித்தனி அளவுகோல்கள். இரண்டு அளவுகோலின் எண்களும் குழம்பிவிடக் கூடாது என்றுதான் கியர் ஆயிலுக்குப் பெரிய எண்கள். 100 டிகிரியில் கியர் ஆயில் 90-இன் பாகுநிலை (கெட்டித்தன்மையின் அளவு) 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. எஞ்சின் ஆயில் 50-இன் பாகுநிலை 16.3 முதல் 21.9 வரை. அதாவது சூடான பிறகு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சில 20டபிள்யூ-50 எண்ணெய்கள் 90-ஐவிடக் கெட்டியாகவே இருக்கும்.

அப்புறம் ஏன் கூடாது? மேலே சொன்ன கந்தகச் சேர்மானம் எஞ்சின் ஆயிலில் அந்த அளவுக்கு இல்லை. கைக்குக் கொழகொழவென்று இருந்தால் போதாது. வழுக்கும் பற்களின் நடுவே படலம் அறுந்தால் பல்லின் முகத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் ஆறாது. அவசரம் என்றால் வண்டியை ஒரு நாள் நிறுத்திவைப்பது மேல். மீதமிருக்கும் கியர் ஆயிலை எஞ்சினில் ஊற்றுவதும் ஆகாது. பல வண்டிகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் நனைந்த கிளட்சும் ஒரே எண்ணெயில் ஓடுகின்றன, கிளட்ச் தட்டுகள் வழுக்க ஆரம்பித்துவிடும்.

கேள்வி: எண்ணெயை நானே மாற்ற நினைக்கிறேன். முறையாக எப்படிச் செய்வது? எவ்வளவு ஊற்றுவது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். இரண்டு ஸ்பேனர், ஒரு தட்டு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச், இரண்டு புது வாஷர், அளவு போட்ட 60 மி.லி. சிரிஞ்சும் அதில் மாட்ட ஒரு சாண் குழாயும் இருந்தால் போதும்.

முதலில் வண்டியைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். எண்ணெய் சூடானால் இளகும், அடியில் படிந்த துகளும் கிளம்பும். பிறகு சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியை ஜாக்கில் ஏற்றுங்கள் அல்லது ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துவைத்து மட்டம் பார்ப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. டிரைவ் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து எண்ணெய் கூடிப்போகும், அல்லது குறைந்துபோகும். பெட்டி நேராக நின்றால்தான் துளையின் விளிம்பு மட்டத்தைச் சரியாகக் காட்டும்.

மூடிகளைச் சுற்றியிருக்கும் மண்ணையும் பிசுக்கையும் பிரஷ் போட்டுத் துடைத்துவிடுங்கள். திறந்த பிறகு துடைத்தால் மண் உள்ளே விழும். டயர் மேலும் பிரேக் டிஸ்க் மேலும் ஒரு துணியைப் போர்த்துங்கள். அடுத்தது முக்கியம்: மேலே ஊற்றும் மூடியை முதலில் திறங்கள். அது திறந்துவிட்டது என்று உறுதியான பிறகே கீழே வடியும் பிளக்கைத் தொடுங்கள். கீழே வடித்துவிட்டு மேல் மூடி இறுகிப்போய்த் திறக்காமல் நின்றால், காலிப் பெட்டியோடு வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். கியர்பாக்ஸ் தனியாக இருக்கும் வண்டியில் பிளக்கை மாற்றித் திறந்து கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்துவிடுவதும் உண்டு. படத்தைப் பார்த்துக் கை வையுங்கள்.

இருபது நிமிடம் வடியட்டும். கியரை நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் நாலைந்து சுற்று சுற்றினால் பற்களுக்கு நடுவே தங்கியதும் இறங்கும். பிளக்கைத் துடைத்து, பழைய வாஷரைக் கழற்றி, புதியதைப் போட்டு முடுக்குங்கள். வாஷர் நசுங்கித்தான் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி நசுங்காது, கசிவை நிறுத்த நீங்கள் இன்னும் முறுக்குவீர்கள், அலுமினிய மரை போய்விடும். முடுக்கும் அளவு மாடலுக்கு மாடல் மாறும். 12 நியூட்டன் மீட்டர் கேட்பவையும் உண்டு, 25 வரை கேட்பவையும் உண்டு. எதுவானாலும் நீளமான ஸ்பேனரில் தோள் பலத்தைக் காட்டினால் தாண்டிவிடும் அளவுதான்.

அளவுக்கு வருவோம். யமஹா எஃப்.ஜே.ஆர்.1300-க்கு 200 மி.லி. 2004-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர்1200 ஜி.எஸ். தலைமுறைக்கு மறுமுறை ஊற்றும்போது 180 மி.லி. பழைய பெரிய மோட்டோ குஸ்ஸிகளுக்கு 250 மி.லி. வண்டிக்கு வண்டி 20 முதல் 70 மி.லி. வரை வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். 200-இல் 50 என்பது கால் பங்கு! ‘சுமாராக ஒரு கால் லிட்டர்’ என்று டப்பாவோடு கவிழ்க்கும் வேலை இங்கே ஆகாது. கையேட்டில் இரண்டு அளவுகள் இருந்தால், பெரியது டிரைவை முழுதாகப் பிரித்துச் சேர்த்தபின் ஊற்றுவது. சின்னது வடித்தபின் ஊற்றுவது. உங்களுக்கு வேண்டியது சின்னது. எவ்வளவு வடித்தாலும் சுவரிலும் பேரிங்கிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

சிரிஞ்சில் அளந்து மெல்ல ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் விட்டு மட்டம் பாருங்கள். பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு நிற்பதுதான் சரியான மட்டம். மட்டத் துளை இல்லாத டிரைவில் அளவு மட்டுமே வழிகாட்டி. மூடி, 20 கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு பிளக்கின் அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: வடியும் பிளக்கின் நுனிக் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தது. டிரைவ் போய்விட்டதா?

பதில்: பயப்படாதீர்கள். அதை ஒரு வெள்ளைத் துணியில் வழித்தெடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். கண்மை போல வழவழவென்று பரவினால் அது பற்கள் ஒன்றோடு ஒன்று பழகும்போது உதிரும் மிக நுண்ணிய எஃகுத் தூள். புது வண்டியின் முதல் மாற்றத்தில் காந்தத்தை மூடும் அளவுக்கு இருக்கும், நுனியில் ஒரு சின்னத் தொப்பி போட்டது போல. அதனால்தான் பல நிறுவனங்கள் முதல் 1,000 கிலோமீட்டரிலேயே ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. அதன்பின் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வர வேண்டும்.

விரலில் நறநறவென்று கடித்தால் துணியை வெயிலில் காட்டுங்கள். மின்னும் சின்னச் செதில்கள் தெரிந்தால் பேரிங்கின் ஓடுபாதை உரிகிறது என்று அர்த்தம். ஊசி போன்ற சிலாம்பு, அல்லது நகத்தால் எடுக்கும் அளவுக்குத் துண்டு வந்தால் பல்லின் முனை உடைந்திருக்கலாம். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள், பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். நெடுஞ்சாலையில் பின் டிரைவ் இறுகிப்போனால் பின்சக்கரமும் சேர்ந்து நிற்கும்.

ஒவ்வொரு முறையும் துணியில் வழித்ததை ஒரு படம் எடுத்து, கிலோமீட்டரோடு குறித்துவையுங்கள். கூடுகிறதா குறைகிறதா என்பது ஒரே ஒரு முறை பார்த்தால் தெரியாது.

கேள்வி: கவனமில்லாமல் 200-க்குப் பதில் 300 மி.லி. ஊற்றிவிட்டேன். அதிகமாக இருந்தால் நல்லதுதானே?

பதில்: நல்லதில்லை. இன்றே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஊற்றிய அதே சிரிஞ்சும் குழாயும் போதும்.

பெட்டிக்குள் எண்ணெய்க்கு மேலே காற்றுக்கு இடம் வேண்டும். 25 டிகிரியில் அடைபட்ட காற்று 85 டிகிரிக்குச் சூடானால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். எண்ணெயும் கூடவே விரியும். வழி கிடைக்காவிட்டால் அழுத்தம் சீலைத் தள்ளும். பிரீதர் (காற்று போய்வரும் துளை) இருக்கும் டிரைவில் எண்ணெய் அது வழியே பொங்கிச் சக்கரத்தில் தெறிக்கும். பிரீதர் மண்ணில் அடைந்திருந்தாலும் இதே கதைதான். எண்ணெய் அளவு சரியாக இருந்தும் சீல் அடிக்கடி போகிறது என்றால் முதலில் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள். இன்னொன்று, கிரவுன் வீல் எண்ணெயில் லேசாக நனைந்தால் போதும். முழுகிச் சுற்றினால் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், சூடு ஏறும். நுரை எண்ணெயாக வேலை செய்யாது.

கசிந்த எண்ணெய் பின் பிரேக்கிலும் டயரின் ஓரத்திலும் படியும் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. டயரிலும் டிஸ்க்கிலும் பிசுக்கு இருந்தால் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் வண்டியை எடுங்கள். பிரேக் பேடில் ஊறியிருந்தால் பேடை மாற்றிவிடுங்கள், துடைத்துப் பயனில்லை.

கேள்வி: சக்கரம் பாதி முழுகும் தண்ணீரில் வண்டியை ஓட்டினேன். எண்ணெய் மாற்ற வேண்டுமா?

பதில்: மேல் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். நீண்ட தூரம் ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் சீலின் உதடு வழியாகவும் நீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் கலந்த எண்ணெயில் படலம் நிற்காது. வண்டி சும்மா நின்றாலும் பேரிங் உருளைகளில் துருப் புள்ளி விழும்.

ஒருமுறை மாற்றினால் போதாது. அதே தரத்தில் விலை குறைந்த எண்ணெயை ஊற்றி 30, 40 கிலோமீட்டர் ஓட்டி, சூட்டோடு வடித்துவிட்டு, அதன்பின் நல்ல எண்ணெயை ஊற்றுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவாதீர்கள். மூலையில் தங்கும் மண்ணெண்ணெய் புது எண்ணெயை இளக்கிவிடும்.

கேள்வி: டிரைவில் ஊளை மாதிரி ஒரு சத்தம். 75டபிள்யூ-140 சிந்தெடிக் ஊற்றினால் அடங்கும் என்கிறார்கள்.

பதில்: சத்தம் அடங்கும். நோய் அடங்காது.

கெட்டி எண்ணெய் பற்களுக்கு நடுவே தடித்த மெத்தை போல நிற்பதால் ஓசை குறையும். ஆனால் எதனால் சத்தம் வருகிறது என்று தெரியாமல் அதை மூடிவிடுவது ஆபத்து. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஊளையிட்டு, விட்டதும் மாறினால் அது பற்கள் பொருந்தும் விதத்தில் வரும் ஓசை. பல டிரைவுகள் பிறவியிலேயே லேசாகப் பாடும். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதே அளவில் இருந்தால் விட்டுவிடலாம். ஆக்ஸிலரேட்டருக்குச் சம்பந்தமில்லாமல் வேகத்தோடு ஏறி இறங்கும் உறுமல், வளைவில் சாயும்போது மாறும் உறுமல், இவை பேரிங்கைக் காட்டும்.

சென்டர் ஸ்டாண்டில் வைத்துச் சக்கரத்தின் மேலும் கீழும், கடிகாரத்தின் 12-ஐயும் 6-ஐயும் பிடிப்பது போலப் பிடித்துக் குறுக்கே ஆட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று ஓர் ஆட்டம் கைக்குத் தெரிந்தால் கிரவுன் வீல் பேரிங்கைச் சந்தேகியுங்கள். சக்கரத்தை ஒட்டிய பெரிய சீலில் கசிவும் சேர்ந்திருந்தால் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. பேரிங் ஆடுவதால்தான் சீல் போகிறது. சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்றும்போது தெரியும் சின்ன இடைவெளி வேறு, அது பற்களுக்கு நடுவே இருந்தே ஆக வேண்டியது.

கையேடே 75டபிள்யூ-140 கேட்டால் தயங்காமல் ஊற்றுங்கள். 80 கேட்கும் டிரைவில் 140 ஊற்றினால் கடைந்துகொண்டு சூடாகும், குளிரில் பேரிங்குக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். சிந்தெடிக்கின் உண்மையான பலன் வேறு: சூட்டில் சீக்கிரம் கெடாது, குளிரில் இளக்கமாக ஓடும். சுமை ஏற்றி நாள் முழுதும் ஓட்டுபவர்களுக்கு அது பயன்படும். மற்றவர்களுக்குச் சரியான தரத்தில் மினரல் எண்ணெயை நேரத்துக்கு மாற்றினாலே டிரைவ் நன்றாக இருக்கும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: மாலிப்டினம் சேர்த்தால் கியர் தேயாதாமே? கார் ஆக்ஸிலுக்கான ‘லிமிடெட் ஸ்லிப்’ எண்ணெய் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: பழைய மோட்டோ குஸ்ஸி கையேடுகளில் 250 மி.லி.யைப் பிரித்தே கொடுத்திருப்பார்கள்: 230 மி.லி. கியர் ஆயில், 20 மி.லி. மாலிப்டினம் டைசல்ஃபைடு கலவை. அந்த வண்டி உங்களிடம் இருந்தால் அப்படியே செய்யுங்கள், 20 மி.லி.யைக் கூட்டாதீர்கள். மற்ற வண்டிகளுக்கு எதையும் சேர்க்க வேண்டாம். ஜி.எல்.-5 எண்ணெய் எடை போட்டுக் கலந்த சரக்கு. லிமிடெட் ஸ்லிப் எண்ணெயில் இருப்பது காரின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலில் உள்ள கிளட்ச் தட்டுகள் அதிராமலிருக்கச் சேர்க்கும் பொருள். ஒற்றைப் பின்சக்கரத்துக்கு டிஃபரன்ஷியலும் இல்லை, தட்டும் இல்லை.

கேள்வி: எண்ணெயைத் தவறாமல் மாற்றினேன். இருந்தும் ஒருநாள் எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை. திறந்தால் சக்கரத்து ஸ்பிளைன் (டிரைவோடு சக்கரத்தைக் கோக்கும் பல்வரிசை) மழுங்கிக் கிடக்கிறது. எண்ணெய் தவறானதா?

பதில்: எண்ணெய்மேல் குற்றமில்லை. இந்தக் கேள்வியை ஷாஃப்ட் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் படிக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் சீலுக்கு அந்தப் பக்கம் போகாது. ஷாஃப்டின் முனையில் பினியனோடு சேரும் ஸ்பிளைன் பற்களும், டிரைவிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஸ்பிளைன் பற்களும் பெரும்பாலான வண்டிகளில் சீலுக்கு வெளியே உலர்ந்த இடத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு நீங்கள் கையால் தடவும் கிரீஸ் தவிர வேறு ஆதாரம் கிடையாது. இந்தப் பற்கள் கியர் பற்களைப் போல ஒன்றின்மேல் ஒன்று உருள்வதில்லை, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி ஒவ்வொரு குலுக்கலுக்கும் முடியளவு நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த நுண்ணிய அசைவு சாதாரண கிரீஸைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடும். பிறகு இரும்பை இரும்பு அரைத்து, செங்கல் பொடி போலச் சிவந்த தூள் உண்டாகும்.

டயர் மாற்றச் சக்கரம் கழலும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். நல்ல பல்லின் உச்சி தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் சரிந்து ரம்பத்தின் முனை போலக் கூர்ந்திருக்கும். விரல் நகத்தை நெடுக்க ஓட்டினால், பொருந்திய இடத்துக்கும் பொருந்தாத இடத்துக்கும் நடுவே படிக்கட்டு தட்டுப்படும். கூர்ந்துவிட்டால் கிரீஸ் காப்பாற்றாது, இரண்டு பக்கத் துண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். புதுப் பல்லைப் பழைய பல்லோடு சேர்த்தால் புதியதும் சீக்கிரம் போகும்.

தடவ வேண்டியது மாலிப்டினம் மிகுந்த பேஸ்ட். ஹோண்டா தன் ஷாஃப்ட் வண்டிகளின் ஸ்பிளைனுக்கு மாலிப்டினம் 60 சதவீதம் உள்ள பேஸ்டைக் கேட்டது. ‘மாலி கிரீஸ்’ என்று விற்கும் சாதாரண சேசிஸ் கிரீஸில் 3 சதவீதம் போலத்தான் இருக்கும். பெயர் ஒன்று, சரக்கு வேறு. பழையதைச் சுத்தமாகத் துடைத்து, பற்களின் எல்லா முகத்திலும் மெல்லிய பூச்சாகப் பிரஷ்ஷால் தடவுங்கள். அப்பினால் வீசியடித்துப் பிரேக் பக்கம் போய்விடும். ஓ-ரிங் இருந்தால் புதியது போடுங்கள், பேஸ்டை உள்ளே நிறுத்துவதும் தூசியை வெளியே நிறுத்துவதும் அதுதான்.

கடைசியாக ஒன்று. ஹோண்டா எஸ்.டி.1100 போன்ற சில வண்டிகளில் சக்கரத்தை மாட்டும்போது டிரைவ் பெட்டியின் நட்டுகளை முதலில் தளர்த்திவைக்க வேண்டும். ஆக்ஸிலை முடுக்கிய பிறகே பெட்டி நட்டுகளை முடுக்க வேண்டும். அப்போதுதான் ஸ்பிளைன் இரண்டும் நேர்கோட்டில் உட்காரும். முறை மாறினால் கோணலாகப் பொருந்தி, எவ்வளவு பேஸ்ட் தடவினாலும் ஒரு பக்கமாகவே தேயும்.

கேள்வி: ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று என் வண்டிக் கையேடு சொல்கிறதே?

பதில்: பி.எம்.டபிள்யூ.வும் ஆர்1200 தலைமுறைக்கு முதலில் அப்படித்தான் சொன்னது. பிறகு மாற்றிக்கொண்டு, முதல் மாற்றம் 1,000 கிலோமீட்டரில், அடுத்தவை 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று அறிவித்தது. எண்ணெய் கெடாமல் இருக்கலாம், அதில் மிதக்கும் எஃகுத் தூளுக்கும் ஈரத்துக்கும் வெளியேற வேறு வழியில்லை. வடிக்கும் பிளக் இருந்தால் 20,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். தண்ணீர், புழுதி, பக்கவண்டி இருந்தால் அதில் பாதி.

கேள்வி: ஷாஃப்ட் குழாய்க்குள்ளும் எண்ணெய் ஊற்ற வேண்டுமா?

பதில்: பழைய பி.எம்.டபிள்யூ. பாக்ஸர்களில் (எதிரெதிரே படுத்திருக்கும் இரண்டு சிலிண்டர் எஞ்சின் வண்டிகள்) வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், ஷாஃப்ட் குழாய், பின் டிரைவ் என்று நான்கு இடத்தில் நான்கு எண்ணெய். பாராலெவர் என்ற பி.எம்.டபிள்யூ.வின் புதிய பின்கை அமைப்பு வந்தபின் ஷாஃப்ட் உலர்ந்த குழாயில் ஓடுகிறது, அதில் எண்ணெய் தெரிந்தால் ஏதோ ஒரு சீல் போயிருக்கிறது. பல ஜப்பானிய வண்டிகளில் எஞ்சின் பக்கத்துப் பெவல் கியருக்கு எஞ்சின் ஆயிலே போய்விடுகிறது. சில மாடல்களில் அதற்கும் தனி பிளக், தனி எண்ணெய் உண்டு. கையேட்டின் எண்ணெய் அட்டவணையில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணுங்கள்.

கேள்வி: ஒரு லிட்டர் டப்பாவில் 200 மி.லி. போக மீதியை வைத்திருக்கலாமா?

பதில்: இறுக மூடி, ஈரம் படாத இடத்தில் வைத்தால் அடுத்தடுத்த மாற்றங்களுக்கு உதவும். திறந்த தேதியை மேலே எழுதுங்கள். அடியில் கசடு, மேலே மங்கல், நிறம் வெளுப்பு தெரிந்தால் ஊற்றாதீர்கள்.

கேள்வி: வடியும் பிளக்கின் மரை போய்விட்டது. பிளக் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டெஃப்லான் டேப் சுற்றி ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். அதிர்வில் பிளக் விழுந்தால் எண்ணெய் முழுதும் பின் டயரில் இறங்கும். ஹெலிகாயில் போன்ற எஃகு மரைச் செருகி போடச் சொல்லுங்கள், பழைய அலுமினிய மரையைவிட உறுதியாக நிற்கும். புது மரை வெட்டும்போது விழும் அலுமினியச் சுருள் உள்ளே போகாமல் இருக்க, மரை வெட்டும் கருவியின் பள்ளங்களில் கிரீஸை அப்பி, அரைச் சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது. அதனால் வேலை முடிந்ததும், பிளக் போடும் முன்பே, மேல் துளை வழியாகப் புது கியர் ஆயில் 100 மி.லி. ஊற்றி அப்படியே கீழே வடித்து, வடிந்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துணியில் ஒரு சுருள்கூட இல்லை என்றான பிறகு புது வாஷரோடு பிளக்கை முடுக்கி, அளந்து ஊற்றுங்கள்.